பழைய கிளாத்தி மீன் பதிவுகள்: கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் பிடிபட்ட கிளாத்தி மீன்களின் அருங்காட்சியகப் பதிவுகளைத் திரட்டி எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் பெயர். நம் கரையில் முதுகு முள்ளை நிமிர்த்துகிற எல்லாமே கிளாத்திதான். எனக்கு வேண்டியது மோனகாந்திடே குடும்பம் மட்டும்: உப்புத்தாள் போலத் தோல், முதுகில் ஒரே பெரிய முள், அதன் பின்னால் இரண்டாவது முள் இருந்தாலும் துளியூண்டுதான். பாலிஸ்டிடே என்ற இன்னொரு குடும்பம் என்றால் மூன்று முள். ஆனால் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758இல் இரண்டையும் பாலிஸ்டெஸ் என்றே எழுதினார். மோனகாந்திடேயைச் சேர்ந்த இன்றைய அலுடெரஸ் மோனோசெரஸ்கூட அப்போது பாலிஸ்டெஸ் மோனோசெரஸ்தான். ஆகவே மாதிரியோடு இருக்கும் பழைய பெயர்ச்சீட்டில் பாலிஸ்டெஸ் என்று மட்டும் இருந்தால் எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது?

அடுத்தது இடம். பிடிபட்ட இடமாகச் சீட்டில் ‘மெட்ராஸ்’ என்று ஒற்றைச் சொல். நகரமா, மாகாணமா? மாகாணம் என்றால் தூத்துக்குடியும் வரும், மலபாரும் வரும்! இதற்கு வரைபடத்தில் புள்ளி வைப்பதே தப்பு என்பது என் எண்ணம். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், கெடாமலிருக்கப் போட்ட சாராயத்தில் கிடந்து நிறம் போன மீன்கள். அலுடெரஸ் ஸ்கிரிப்டஸ் என்ற கிளாத்தியின் நீலக் கோடுகள் மறைந்துவிடும். நீண்ட வால்தான் துப்பு. அருங்காட்சியக மாதிரிகளை நேரில் பார்க்க முடிந்தவர்கள் வாலும் முதுகு முள்ளும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம் அனுப்பினால் போதும். சீட்டின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள்.