கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது? வேலூர்ப் பக்கத்திலிருந்து சில அனுபவங்கள்

ராணிப்பேட்டை, ஒரு தாய்மாமன்

பதினாறு வயதுப் பையன் கதவை அறைந்து சாத்தினால் திமிர் என்கிறோம். அதே வயதுப் பெண் அழுதால் நடிப்பு என்கிறோம். இப்படிச் சட்டென்று பெயர் சூட்டுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. என் அக்கா மகன் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவனுடைய நைனா தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சுண்ணாம்பில் ஊறிய தோலைக் கையாளும் பிரிவு. குளித்து வந்தாலும் அந்த வாடை முழுதாகப் போகாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தெரிவதே இல்லை. பையன் பதினொன்றாம் வகுப்புக்கு வேலூரில் ஒரு பள்ளியில் சேர்ந்தான். சேர்ந்த சில வாரங்களில் ஆளே மாறிவிட்டான். நைனாவின் பைக்கில் ஏற மாட்டேன் என்றான். தன் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது என்று தினமும் சண்டை. ஒருநாள் இரவு சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் நைனா கையை ஓங்கிவிட்டார்.

நடுவில் வந்து நின்றது அவனுடைய ஆயா, அதாவது பாட்டி. பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். "ஏன்டா இவ்வளவு கோபம்?" என்று அவர் கேட்கவில்லை. "துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்கிறாயே, யார் என்ன சொன்னார்கள்?" என்றார். நாங்கள் எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிழவி மட்டும் துணியைப் பார்த்திருக்கிறார்.

வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டானாம். வகுப்பில் அதுவே பட்டப்பெயராகிவிட்டதாம். இத்தனை நாளும் வீட்டில் வெடித்ததெல்லாம் அந்த அவமானம்தான்.

ஆயா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் முதல் அவன் துணியைத் தனியாகவே துவைத்துப் போட்டார். பெற்றவன் உழைப்பை மதிக்காதவனுக்கு இது என்ன செல்லம் என்று அக்காவுக்கு வருத்தம். எனக்கு அது செல்லமாகப் படவில்லை. முதலில் அவன் மூச்சுவிடட்டும், மதிப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இப்போது பைக்கில் ஏறுகிறான். பள்ளி வாசல்வரை வர மட்டும் விடுவதில்லை, கிரீன் சர்க்கிளிலேயே இறங்கிக்கொள்கிறான். நைனாவும் ஒன்றும் கேட்பதில்லை.

ஆரணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆரணி வேலூரோடு சேர்ந்து வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. 1989-இல் மாவட்டம் பிரிந்து நாங்கள் திருவண்ணாமலைப் பக்கம் போனோம். பழைய உரிமையில் நானும் எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை ஆயா கேட்ட கேள்வியைத்தான் தொல்காப்பியமும் கேட்கிறது. அதில் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி எட்டு உணர்வுகளை வரிசைப்படுத்துகிறது. அத்தோடு விடாமல், ஒவ்வொன்றும் எந்த நான்கு வழிகளில் பிறக்கும் என்றும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, உறவையோ பொருளையோ இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை.

கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் எப்போதும் முதலாவதாக வந்த ஒரு மாணவி எங்களிடம் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தாள். முதல் தேர்வு முடிந்ததும் அழத் தொடங்கினாள், நாள்கணக்கில் ஓயவில்லை. அடுத்த தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆளுக்கு ஆள் ஆறுதல் சொன்னார்கள். அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. நான் அவளைத் தனியே அழைக்கவில்லை. வகுப்பில் அந்த நான்கையும் கரும்பலகையில் எழுதி விளக்கிவிட்டு, கடைசியாக அழுதபோது காரணம் இவற்றில் எது என்று பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன்.

மணி அடித்த பிறகு அவளே வந்தாள். "மார்க்குக்காக இல்லை, சார். எங்கள் பள்ளியில் கொடியேற்றம் முதல் ஆண்டுவிழாவரை என்னைக் கேட்டுத்தான் எல்லாம் நடக்கும். இங்கே என் பெயரே யாருக்கும் தெரியவில்லை" என்றாள். அசைவு. வயிற்றுவலிக்குத் தைலத்தை நெற்றியில் தடவுவதுபோல, மார்க்குக்கு எத்தனை ஆறுதல் சொல்லி என்ன பயன்? அவளுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. நூலகப் பதிவேட்டைக் கொடுத்தேன். மதிப்பெண் உடனே ஏறவில்லை, அழுகை நின்றது.

கொசுறாக ஒன்று. அழுவதே இல்லை என்று மார்தட்டும் பையன்கள் நிறைந்த வகுப்பு அது. ஒரு சீட்டுக்கூட வெற்றாக வரவில்லை.

காட்பாடி, செவிலியர்

ஐயா சொன்னதைப் படித்தபோது பயிற்சிக் காலத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. 1990-இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உணர்வுசார் நுண்ணறிவை வரையறுத்தார்கள்: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, இன்னதென்று பிரித்தறிந்து, அந்த அறிவைக் கொண்டு சிந்தித்து நடந்துகொள்வது. பிரித்தறிவது என்ற நடுப்பகுதிதான் இந்த வயதில் கடினம். நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. பயமும் கோபமும் எழும் பகுதிகளோ அதற்கு வெகு முன்பே முழுவேகத்தில் ஓடுகின்றன.

ஆனால் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சவ்வாது மலையிலிருந்து அம்மாவைச் சேர்த்திருந்த ஒரு பையன் வார்டு வாசலில் நின்று என்னிடம் கத்தினான். கையெழுத்துப் போட மாட்டேன், யாரும் ஒழுங்காகப் பேசுவதில்லை என்று. முகத்தைப் பார்த்தாலே காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. கேள்வி கேட்கும் நேரமா அது? இட்லி வாங்கிவரச் சொல்லி உட்கார வைத்தேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான், "அம்மா பிழைப்பாளா அக்கா?" என்றான். கத்தியதெல்லாம் அதைக் கேட்க முடியாமல்தான். பசியும் தூக்கமின்மையும் பாதிக் கோபத்துக்குக் காரணம். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். நம் வீடுகளில் தேர்வு மாதங்களில் அதில் பாதி கிடைத்தால் பெரிது.

நாள்கணக்கில் சாப்பாடு, பேச்சு, பள்ளி எல்லாம் விட்டுப்போனால் வீட்டுச் சமாதானம் போதாது. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

குடியாத்தம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

எல்லாவற்றையும் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி: இந்தப் பயிற்சியெல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?

வைகாசி முதல் நாள், அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் உறவினர் கூட்டம் நிரம்பி வழியும். போன திருவிழாவில், தோழியுடன் சிரசு பார்க்கப் போய்த் தாமதமாக வந்ததற்கு நைனா அத்தனை பேர் முன்னாலும் என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டியதில் எனக்கு வருத்தமில்லை, தாமதமாகத்தான் வந்தேன். மாமாக்கள் சிரித்ததுதான் தாங்கவில்லை. அன்றிரவே கைபேசியில் அவருக்கு நீளமாக ஒன்று எழுதினேன். அனுப்பவில்லை. காலையில் படித்துப் பார்த்தபோது அதில் ஒரு வரிதான் உண்மையாக இருந்தது. மற்றதெல்லாம் பழி வாங்கல்.

அந்த ஒரு வரியை, அவர் தறிக்குக் கிளம்பும்போது நேரிலேயே சொன்னேன். "என்மேல் கோபம் வந்தால் உள்ளே கூப்பிட்டுத் திட்டுங்கள் நைனா, மாமாக்கள் முன்னால் வேண்டாம்."

பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று முழுதும் வயிற்றைக் கலக்கியது.

தீபாவளிக்கு அதே மாமாக்கள் வந்திருந்தார்கள். எதற்கோ என்மேல் கோபம் வந்துவிட்டது அவருக்கு. எழுந்து நின்றவர் சுற்றிலும் பார்த்தார். "உள்ளே வா" என்றார். போனேன். கதவைச் சாத்திவிட்டு நன்றாகத் திட்டினார்.