விளையாட்டு முடியும் வேளையில் எழும் சண்டைகள்

கேள்வி: வணக்கம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் வகுப்பை நடத்துகிறேன். விளையாட்டை முடித்துக் கதை கேட்க அமரும் வேளையில்தான் அடிதடி நிகழ்கிறது. ஒரு குழந்தை கடிக்கவும் செய்கிறது. தனியே உட்காரவைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1: இந்த வயதில் உந்துதலை அடக்கும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை என்பதால், ஈடுபாட்டுடன் செய்வதைச் சட்டென்று நிறுத்துவது அவர்களுக்கு உண்மையிலேயே கடினம். முடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னரே அறிவியுங்கள். ஆனால் நிமிடக் கணக்கு அவர்களுக்குப் புரியாது என்பதால், மணல் கடிகாரத்தையோ நாள்தோறும் பாடும் ஒரே பாடலையோ அடையாளமாக வையுங்கள். "ஓடாதே" என்பதைவிட "மெதுவாக நடந்து வா" என்பது பலன் தரும், ஏனெனில் செய்ய வேண்டியது எதுவென்று அதில் தெளிவாக இருக்கிறது. எல்லோரும் வரும்வரை சும்மா காத்திருக்கச் செய்வதும் சண்டைக்கு வழிவகுக்கும். முதலில் வந்தவர்களுடனேயே கதையைத் தொடங்கிவிடுங்கள்.

மறுமொழி 2: கடிக்கும் குழந்தையைப் பற்றி: பேச்சு போதாத இடத்தில்தான் பெரும்பாலும் பல் முந்துகிறது. கடிபட்ட குழந்தையை முதலில் கவனித்துவிட்டு, கடித்த குழந்தைக்கு "எனக்கு வேண்டும்" என்று சொல்லப் பழக்குங்கள். ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன் நடந்ததைக் குறித்துவைத்தால் காரணம் புலப்படும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. பொம்மையைப் பறிக்கும்போதுதான் கடிக்கிறது என்று நினைக்கிறேன், குறித்துப் பார்க்கிறேன்.

மறுமொழி 2: அப்படியானால், அதே பொம்மையில் இன்னொன்றை வாங்கி வையுங்கள்.