எக்ஸார்சிஸ்ட் கிளைமாக்ஸ்ல ஜெயிச்சது யாரு?

கேள்வி:
1973ல வந்த எக்ஸார்சிஸ்ட் இப்பதான் முழுசா பார்த்தேன். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கடைசி சீன் மண்டைக்குள்ளயே ஓடுது. பெரிய ஃபாதர் மெரின் செத்துக் கிடக்குறார், கூட பேயோட்ட வந்த இன்னொரு ஃபாதர் காரஸ் வெறி பிடிச்ச மாதிரி, சாத்தான் பிடிச்ச சின்னப் பொண்ணு ரீகனைப் போட்டு அடிச்சு என்னை எடுத்துக்கோன்னு கத்துறார், அந்தச் சாத்தானும் அவருக்குள்ள வந்துடுது, அடுத்து ஜன்னலை உடைச்சுட்டு வெளிய பாஞ்சுடுறார். ரெண்டு ஃபாதரும் போயாச்சு. அப்போ சாத்தான்தானே ஜெயிச்சது? தற்கொலை கத்தோலிக்கத்துல பெரிய பாவம் வேற.

பதில்:
இல்லங்க. அந்த இடத்தை மறுபடி ஸ்லோவா பாருங்க. உள்ள வந்ததும் மூஞ்சி, கண்ணு எல்லாம் மாறி கை ரெண்டும் ரீகன் கழுத்துக்குப் போகும். அப்புறம் சட்டுனு சொந்த முகம் திரும்ப வரும், "நோ"ன்னு கத்திட்டுதான் பாய்வார். குதிக்கிறது காரஸ், சாத்தான் இல்ல. அந்தப் பொண்ணைக் கொல்லாம இருக்க அவருக்கு வேற வழியே இல்ல, இதைப் போய் எப்படி தற்கொலைன்னு சொல்றது? நாவலும் திரைக்கதையும் எழுதின பிளாட்டியே, சாத்தான் ஜெயிச்சதா நிறைய பேர் நினைச்சுட்டாங்களேன்னு வருத்தப்பட்டிருக்கார்.

பதில்:
மேல சொன்னது கரெக்ட். கூடவே அவர் ஜன்னல்ல இருந்து விழுந்து உருண்டு போற படிக்கட்டுக்குக் கீழ வர்ற சீனையும் கவனிங்க ப்ரோ. காரஸோட நண்பர் ஃபாதர் டையர் ஓடி வந்து பாவசங்கீர்த்தனம் (பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்குறது) பண்றியான்னு கேட்பார், காரஸால பேச முடியாது, ரத்தத்துல கிடக்குற அந்தக் கை மட்டும் லேசா அவர் கையை அழுத்தும், அதையே சம்மதமா எடுத்துட்டு பாவமன்னிப்பு ஜெபம் சொல்வார். அம்மாவைக் கவனிக்காம சாக விட்டுட்டோம்னு படம் பூரா குற்ற உணர்ச்சில இருக்குறவர், விசுவாசமே போச்சுன்னு புலம்புறவர், அவருக்கு அங்கதான் எல்லாம் திரும்பக் கிடைக்குது. டையரா நடிச்ச வில்லியம் ஓமாலி நிஜமாவே சேசு சபைங்கற கத்தோலிக்கத் துறவற சபையோட குருவானவர், அதான் அந்த ஜெபம் அவ்ளோ உண்மையா இருக்கும்.

பதில்:
2000ல வந்த நீளமான வெர்ஷன் பாருங்க சகோ. பேயோட்டுறதுக்கு நடுவுல மாடிப்படில உட்கார்ந்து, ஏன் இந்தச் சின்னப் பொண்ணுன்னு காரஸ் கேட்பார். நம்மளை நாமளே அசிங்கமா, மிருகமா நினைக்க வைக்கத்தான், கடவுள் நம்மளை நேசிக்கவே முடியாதுன்னு நம்ப வைக்கத்தான்னு மெரின் சொல்வார். டைரக்டர் ஃப்ரீட்கின் 1973ல இதை வெட்டிட்டார், பிளாட்டிக்கு அதுல ரொம்ப ஆதங்கம். என்னைக் கேட்டா படத்தோட உயிரே இதான். சாத்தான் குறி வெச்சது ரீகனை இல்ல, அவளைச் சுத்தி நின்னு பார்க்குறவங்களை.

பதில்:
எனக்கு பழைய வெர்ஷன்தான் பெஸ்ட். மெரின் விளக்கம் சொல்லிட்டா நாம யோசிக்க என்ன மிச்சம் இருக்கு? காரணம் தெரியாம காரஸ் அந்த முடிவை எடுக்குறதுலதான் விசுவாசமே இருக்கு.