தென்னந்தோப்புக்கு எக்ஸ்எல் இன்ஜினில் மூன்று சக்கர வண்டி: பின் அச்சை எப்படி அமைப்பது?

ஆனைமலைத் தோப்பு:

அனைவருக்கும் வணக்கம். ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதால், வண்டியை நிறுத்தும்போது காலை ஊன்ற முடியவில்லை. ஆனால் தினமும் தோப்பைச் சுற்றிவராமல் அவரால் இருக்க முடியாது. எந்த மரத்தில் வண்டு துளைத்திருக்கிறது, எந்த வாய்க்காலில் அடைப்பு என்று அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதனால் அவருக்காக மூன்று சக்கர வண்டி ஒன்றை நானே கட்டலாம் என்று இருக்கிறேன்.

பழைய மாட்டுக்கொட்டகையில் வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், டிரில்லிங் ஸ்டாண்டு எல்லாம் வைத்திருக்கிறேன். தோப்புக் கேட்டுகளும் டிராக்டர் பரம்பும் நான் செய்தவைதான். லேத் வேலைக்குப் பொள்ளாச்சி போக வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் தன்னுடைய டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியைக் கொடுக்கிறார். இன்ஜின் நன்றாக இருக்கிறது.

என் திட்டம் இதுதான். எக்ஸ்எல்லின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அங்கே இரண்டரை அடி அகலத்தில் ஒரே அச்சில் இரண்டு எக்ஸ்எல் சக்கரங்கள். அதன்மேல் ஒரு பெட்டி. அதில் தேங்காயோ தொழு உரமோ 100 கிலோ வரை ஏற்ற வேண்டும். அச்சின் நடுவில் ஸ்ப்ராக்கெட்டை (செயின் மாட்டும் பல்சக்கரத்தை) வெல்டு செய்து, செயினை நேராகக் கொடுத்துவிடலாமா? திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்சியல் கட்டாயம் வேண்டுமா? 100 சிசி இன்ஜின் இந்த எடையை இழுக்குமா?

மதுரைப் பழைய இரும்பு:

இழுக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். டிஃபரன்சியலுக்குப் பழைய பேட்டரி ரிக்‌ஷாவின் பின் அச்சு கிடைக்கிறதா என்று பாருங்கள். டிஃபரன்சியல், பிரேக் டிரம் எல்லாம் ஒரே துண்டாக வந்துவிடும். ஆனால் அதன் உள்பல் மோட்டாருக்கென்று அமைந்தது. செயினில் ஓட்ட அடாப்டர் கடைய வேண்டியிருக்கும், லேத் செலவு கொஞ்சம் கூடும்.

சிங்காநல்லூர் கடைசல்:

தம்பி, கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்து வயதானவன் நான். இதுபோன்ற வண்டிகளுக்கு அச்சு கடைந்து கொடுத்திருக்கிறேன், கவிழ்ந்து வந்தவற்றை நிமிர்த்தியும் கொடுத்திருக்கிறேன். இன்ஜின் இழுக்குமா என்று கேட்கிறீர்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இந்த வண்டி உங்கள் தோப்புக்குள் திரும்புமா என்பதை முதலில் பாருங்கள்.

இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும். அந்தச் சாய்வுதான் அதைக் காப்பாற்றுகிறது. மூன்று சக்கர வண்டிக்குச் சாயத் தெரியாது. வேகம் முழுவதும் வெளிப்பக்கமாகத் தள்ளும். அதைத் தாங்குவது இரண்டே விஷயங்கள்: பின்சக்கரங்களுக்கு நடுவே எத்தனை அகலம், ஆளும் பாரமும் சேர்ந்த ஈர்ப்பு மையம் எத்தனை உயரம். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. எடை பின் அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறதோ அவ்வளவு நல்லது. முன்சக்கரத்தின் பக்கம் நகர நகர, வண்டியைத் தாங்கும் முக்கோணம் அந்த இடத்தில் குறுகிக்கொண்டே போகிறது.

உங்கள் பக்கம் தென்னையை 25 அடிக்கு ஒன்றாகத்தானே வைத்திருப்பீர்கள்? ஒரு வரிசை முடிந்து மரத்தைச் சுற்றி அடுத்த வரிசைக்குள் திரும்பினால் வளைவின் ஆரம் 3.8 மீட்டர். நீங்கள் சொன்ன அளவை வைத்துக் கணக்குப் போட்டேன். அகலம் 76 செ.மீ., எக்ஸ்எல்லின் சீட் உயரத்தில் ஆள், சக்கரத்துக்கு மேலே பெட்டி என்றால் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் திரும்பும்போதே உள்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். சமதரையில் இந்தக் கணக்கு. வாய்க்கால் வரப்பில் ஒரு சக்கரம் ஏறியிருந்தால் அந்த 13கூட இல்லை. முழங்கால் தேய்ந்த மனிதர் கவிழும் வண்டியிலிருந்து குதித்துத் தப்பவும் முடியாது. இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு வெல்டிங் மெஷினைத் தொடாதீர்கள்.

அகலத்தை மூன்றரை அடியாக்குங்கள். எக்ஸ்எல்லின் பின்சக்கரத்தை மறந்துவிட்டு ஆட்டோவின் 4.00-8 சக்கரம் (8 அங்குல ரிம்) போடுங்கள். எக்ஸ்எல்லின் 16 அங்குலச் சக்கரத்தைவிட அச்சு 6 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அதைவிடப் பெரிய காரணம், ஸ்போக்ஸ் சக்கரம் பக்கவாட்டு அழுத்தத்துக்கு ஆனதல்ல. சாயும் வண்டியில் எடை எப்போதும் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது, அதனால் ஸ்போக்ஸ் தாங்குகிறது. சாயாத வண்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் ரிம்மைப் பக்கவாட்டில் நெட்டித் தள்ளும். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் தளர்ந்து ரிம் வளையும். தகட்டு டிஸ்க் உள்ள ஆட்டோ சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

சீட்டையும் இறக்குங்கள். அப்பா உட்காரும் பலகை தரையிலிருந்து 55 செ.மீ. இருந்தால் போதும், அவர் முழங்காலுக்கும் அதுதான் சுகம். பெட்டியின் அடித்தளத்தைச் சக்கரங்களுக்கு மேலே தூக்காமல், இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் இறக்கி, அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். அச்சுக்குப் பின்னால் தள்ளினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் பிடி கொடுக்காது. இப்படி அமைத்தால், பாரத்தோடு அதே வளைவில் ஏறத்தாழ 19 கி.மீ. வரை உள்சக்கரம் கிளம்பாது.

ஒன்றை மட்டும் அப்பாவிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள். பெட்டி காலியாக இருக்கும்போதுதான் இந்த வண்டி அதிகம் கவிழும். பாரம் இல்லாதபோது அவருடைய எடை மட்டுமே இருக்கிறது, அது முன்பக்கமாக இருக்கிறது. 19 என்பது 17 ஆகக் குறைந்துவிடும். திருப்பத்தில் பிரேக் பிடித்தால் எடை இன்னும் முன்னால் சாயும், 17க்கும் கீழே போகும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், திருப்பத்துக்குள் அல்ல. ஆகவே இந்த வண்டியின் உச்ச வேகமே 15, 16க்கு மேல் போகாதபடி கட்டுங்கள்.

அதற்கு வழி இன்ஜினில் இல்லை, பல்சக்கரக் கணக்கில் இருக்கிறது. எக்ஸ்எல் ஏறத்தாழ 60 கி.மீ. ஓடும் வண்டி. ஆட்டோ சக்கரம் சிறியது என்பதால் அது 47 ஆகும். இன்ஜினுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் பல்சக்கரங்களோடு ஒரு இடைத்தண்டு வைத்து, மூன்றுக்கு ஒன்று என்று வேகத்தைக் குறைத்தால் 16க்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்கும். இழுவை மூன்று மடங்காகும், உங்கள் 100 கிலோ அதற்குப் பொருட்டே அல்ல. இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ்எல்லில் கியர் கிடையாது, இன்ஜின் வேகம் கூடினால் தானே பிடித்துக் குறைந்தால் தானே விடும் மையவிலக்கு கிளட்ச். நேராகச் செயின் கொடுத்து நடை வேகத்தில் பாரம் இழுத்தால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், லைனிங் கருகிவிடும். இடைத்தண்டு வைத்தால் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

டிஃபரன்சியல் பற்றி. மூன்றரை அடி அகல வண்டி மரத்தைச் சுற்றும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட நெடுந்தூரம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துதான் தீரும். பூழி மண்ணில் பரவாயில்லை என்பார்கள். உங்கள் தோப்பில் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறதா? ஓடினால், தேயும் சக்கரம் அந்தக் குழாயை இழுத்துக் கிழிக்கும், சொட்டுவானைப் பிடுங்கும். ஆகவே இரண்டும் சேர்ந்து சுற்றக் கூடாது. ஆனால் இந்த வேகத்துக்கு டிஃபரன்சியலும் தேவையில்லை என்பது என் கருத்து. சைக்கிள் ரிக்‌ஷாவைப்போல ஒரு சக்கரத்தை மட்டும் ஓட்டுங்கள். அச்சு முழு நீளமும் இருக்கட்டும். ஒரு பக்கச் சக்கரம் சாவி (அச்சோடு பூட்டும் இரும்புக் கட்டை) போட்டு அச்சோடு சுற்றட்டும். மற்றது அச்சு முனையில் சொந்தப் பேரிங்கில் தனியாகச் சுற்றட்டும், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் கட்டாயம். வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும், 4 குதிரைத்திறனில் அது கைக்குப் பெரிதாகத் தெரியாது. ஈர மண்ணில் ஓட்டும் சக்கரம் வழுக்கினால், பாரத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி அடுக்கினால் போதும்.

அச்சுக்கு 25 மி.மீ. கம்பி போதும் என்று கடையில் சொல்வார்கள். பள்ளத்தில் விழுந்து எழும்போது சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே வரும் வளைவு விசையைக் கணக்கிட்டால் 25இல் எனக்கு மனம் ஒப்பவில்லை. இஎன் 8 எஃகுக் கம்பியில் 30 மி.மீ. கடையச் சொல்லுங்கள், யூசிபி 206 பிளம்மர் பிளாக் (பேரிங்கோடு வரும் தாங்கி) அதற்குச் சரியாக உட்காரும். ஸ்ப்ராக்கெட்டை அச்சில் நேரடியாக வெல்டு செய்யாதீர்கள். இஎன் 8 நடுத்தரக் கார்பன் எஃகு. வெல்டு ஓரத்தில் உலோகம் இறுகி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும், நாள்பட அந்த ஓரத்தில்தான் முறியும். தனி ஹப் கடைந்து, சாவிக்காடி வெட்டி, போல்ட்டில் மாட்டுங்கள்.

ஈரோட்டு வழக்குரைஞர்:

இயந்திர விஷயத்தை மூத்தவர் சொல்லிவிட்டார். சட்ட விஷயத்தை நான் சொல்கிறேன், தயவுசெய்து இதையும் அதே அக்கறையோடு படியுங்கள்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182அ பிரிவில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சென்னையின் மீன்பாடி வண்டிகள் (மோட்டார் பொருத்திய மூன்று சக்கரப் பார வண்டிகள்) பதிவு இல்லாமல் ஓடுவதைப் பார்த்துவிட்டு, நாமும் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அவற்றால் விபத்து நேர்ந்தால் காப்பீடு இல்லை, அடிபட்டவருக்கு நியாயமான இழப்பீடு கிடைப்பதும் பெரும்பாடு.

அடைக்கப்பட்ட வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி அமைத்த தனி வகை வண்டி, ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறைக்குள் வராது. 2ஆவது பிரிவிலேயே அது இருக்கிறது. ஆகவே வேலி போட்ட தோப்புக்குள் மட்டும் ஓடட்டும். பஞ்சாயத்துச் சாலையைக் குறுக்கே கடந்து எதிர்த் தோப்புக்குப் போகக்கூட எடுக்காதீர்கள். எக்ஸ்எல் இன்னும் சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கும். அதைப் பிரிப்பதற்கு முன், பதிவை ரத்து செய்ய அவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கட்டும். 55ஆவது பிரிவு அதற்கானது.

அப்பா சாலையிலும் போக வேண்டும் என்றால் வழி வேறு. மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வாகனம் என்று பதிவு செய்ய அதே 52ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அந்த வகைதான். அதை முறையான பொருத்துநரிடம் செய்துகொள்ளுங்கள், கொட்டகையில் வேண்டாம்.

ஆனைமலைத் தோப்பு:

அண்ணா, வழக்குரைஞர் ஐயா, இருவருக்கும் நன்றி. தோப்பு முழுக்கக் கம்பி வேலிதான், வண்டி வெளியே போகாது. சொட்டுநீர்க் குழாய் எல்லா வரிசையிலும் இருக்கிறது. ஒற்றைச் சக்கர ஓட்டம் என்று முடிவு செய்துவிட்டேன். அகலத்தை மூன்றரை அடியாக்கிப் புதிதாக வரைகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். இன்ஜினைச் சீட்டுக்கு அடியில் தகடு அடித்து மூடலாமா? அப்பாவின் வேட்டி சிக்கிவிடுமோ என்று பயம். பின்சக்கரங்கள் கோணாமல் வெல்டு வைப்பது எப்படி?

சிங்காநல்லூர் கடைசல்:

வேட்டியைப் பற்றி நினைத்தது நல்லது, தம்பி. செயினுக்கும் இடைத்தண்டுக்கும் முழு மூடி போடுங்கள். இன்ஜினை மூட வேண்டாம். எக்ஸ்எல் இன்ஜினில் காற்றாடி கிடையாது, ஓடும் காற்றில்தான் குளிர்கிறது. 15 கி.மீ.யில் காற்று குறைவு, வேலை அதிகம். முன்னும் பக்கமும் கம்பி வலை அடியுங்கள், துணி போகாது, காற்று போகும். சைலன்சருக்கு மட்டும் தனித் தகடு, கால் படும் இடம் அது.

வெல்டுக்கு முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள். பேட்டரி ஒயரையும், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டியையும் பிரித்துவிடுங்கள். பிளம்மர் பிளாக் இரண்டையும் அச்சு மாட்டிய நிலையிலேயே வண்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்து, நான்கு மூலையிலும் பொட்டுப் பொட்டாகச் சிறு வெல்டு வையுங்கள். அப்புறம் முன்சக்கரத்தை நேராகக் கட்டிவைத்து, அதன் அச்சு நடுவிலிருந்து ஒவ்வொரு பின்சக்கர அச்சு முனைக்கும் நூல் பிடியுங்கள். இரண்டு நூலும் ஒரே நீளம் வர வேண்டும். வராவிட்டால் பொட்டை வெட்டித் தட்டிச் சரிசெய்வது சுலபம், முழு வெல்டு ஓடிய பிறகு முடியாது. முழு வெல்டையும் ஒரே பக்கமாக ஓட்டாமல், இடம் ஒன்று வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். சூட்டில் சட்டம் இழுக்காது. ஒவ்வொரு சுற்றிலும் அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுகினால் அங்கேயே நிறுத்தி ஆறவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று பிரேக். இரண்டு பின்சக்கரத்திலும் வேண்டும். ஒரே பெடலிலிருந்து இரண்டு கம்பி பிரியும் இடத்தில், ஆடும் சமன்கட்டை ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் முந்திப் பிடித்து வண்டி திரும்பிக்கொள்ளும். இந்த வண்டியைக் கியரில் போட்டு நிறுத்த முடியாது. ஆக்சிலேட்டரை விட்டால் கிளட்ச் விட்டுவிடும், சரிவில் தானே உருளும். அப்பா இறங்கி மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நடக்கக் கூடாது. பல் போட்டுப் பூட்டிக்கொள்ளும் கைப்பிரேக் லிவர் ஒன்றை, அவர் உட்கார்ந்தபடியே இழுக்கும் உயரத்தில் வலது கைப்பக்கம் வையுங்கள். அச்சு அளவை வரைந்ததும் இங்கே போடுங்கள், பொள்ளாச்சியில் லேத்துக்குக் கொடுக்கும் முன் நான் பார்த்துச் சொல்கிறேன்.