நலொக்சோன் ஊசி வீட்டில் இருக்கலாமா?

இரவுப்பணி:
யாழ்ப்பாணத்தில் தாதியாக இருக்கிறேன். ஹெரோயின் கூடிப்போய் மூச்சு அடங்கியவர்களை நலொக்சோன் ஊசி சில நிமிடங்களில் எழுப்பிவிடும். ஆனால் ஊசி இருப்பது ஆஸ்பத்திரியில், மூச்சு நிற்பது வீட்டு அறையில். வீட்டுக்காரருக்கும் கூட்டாளிகளுக்கும் பழக்கி, மருந்தையும் கையில் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே இப்படிப் பரிந்துரைத்துவிட்டது.

வடமராட்சியான்:
அக்கா, கோபிக்காதீர்கள். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பெடியள் ஹெரோயினால் அழிந்ததைப் பார்த்தவன் நான். மருந்து வீட்டில் இருக்கிறது என்றால் இருக்கிற பயமும் போய்விடும். அந்தக் காசைப் புனர்வாழ்வுக்குப் போடலாமே?

இரவுப்பணி:
தம்பி, இந்த மருந்தில் போதை கிடையாது. மூளையில் ஹெரோயின் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிடும். பழகியவருக்கு உடனே வாந்தி, நடுக்கம், உடம்பு உளைவு. அதை நம்பி யாரும் கூட எடுக்கமாட்டார்கள். புனர்வாழ்வு கட்டாயம் வேண்டும். ஆனால் அங்கிருந்தோ மறியலில் (சிறையில்) இருந்தோ வெளியே வரும் முதல் சில வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம். உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும்.

தீவான்:
நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே கடலில் ஒரு மணித்தியாலம். மூச்சில்லாமல் மூளை நாலைந்து நிமிடம்தான் தாங்கும்.

வடமராட்சியான்:
மறியல் விஷயம் எனக்குத் தெரியாது, சரி. ஐஸ் என்கிற மெத்தம்பெற்றமினுக்கு இது வேலை செய்யுமா? பெடியன் எழும்பிவிட்டான் என்று ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் விட்டால்?

இரவுப்பணி:
ஐசுக்குக் கேட்காது. ஹெரோயின், மோர்பின் வகைக்கு மட்டும்தான். எது எடுத்தார் என்று தெரியாமல் போட்டாலும் பெரிய தீங்கில்லை. இரண்டாவது கேள்விதான் முக்கியம். மருந்து 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், பிறகு மூச்சு திரும்பவும் அடங்கலாம். அதனால்தான் பழக்கிக் கொடுக்கச் சொல்கிறேன்: 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிப்பது, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பது, தொடையில் ஊசி, பக்கவாட்டில் சரித்துக் கிடத்துவது, ஆள் எழும்பினாலும் அம்புலன்சில் ஏற்றுவது.

வடமராட்சியான்:
அப்படியென்றாலும் வீடுகளுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஊருக்கு ஒருவராக, குடும்ப நல உத்தியோகத்தரிடம் இருக்கட்டும்.

பெயர் வேண்டாம்:
என் தம்பி மறியலில் இருந்து வந்து ஒன்பதாம் நாள். குறட்டைச் சத்தம் கேட்டது. நல்லாய்த் தூங்குகிறான் என்று கதவைச் சாத்திவிட்டேன். அது மூச்சுத் திணறுகிற சத்தம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. உத்தியோகத்தரின் வீடு இரண்டு கிலோமீற்றர் தள்ளி. நான் பக்கத்து அறையில் இருந்தேன்.