ஓவியங்களைப் பார்ப்பதற்காகவே தனியாக ஐரோப்பா செல்லலாமா? சென்று வந்த பெண்களின் வழிகாட்டுதல் வேண்டும்

கேள்வி: ஓவிய ஆசிரியை, வேலூர்

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். வயது 43. திருமணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், வரும் மே மாத விடுமுறையில் 18 நாள்கள் ஐரோப்பா சென்று, ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட், லண்டன் ஆகிய ஏழு நகரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

செய்தியைச் சொன்ன நாள் முதல் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கூட யார் வருகிறார்கள்?" குழுவாக அழைத்துச் செல்லும் சுற்றுலாவில் சேர்ந்துகொள் என்று தம்பி வற்புறுத்துகிறான். அவன் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் காட்டிய பயணத் திட்டத்தில் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கியிருந்த நேரம் இரண்டு மணி நேரம். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

ஏன் கனத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு ஆண்டுதோறும் மாணவிகளை வரைவதற்காக அழைத்துச் செல்வது என் வழக்கம். முன்வரிசைத் தூண்களில் பின்னங்கால்களை ஊன்றி எழும் குதிரைகளையும் யாளிகளையும்தான் எல்லாரும் வரைவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு குதிரையின் கால்களுக்குக் கீழே நிற்கும் சிறிய வீரனின் முகத்தை மட்டும் இரண்டு மணி நேரம் வரைந்துகொண்டிருந்தாள். அந்தத் தூணைப் பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்துவந்த நான் அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். அதன் பிறகு அவசரமாகப் பார்ப்பதைப் பார்த்தல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தனியாகப் பயணம் செய்த பெண்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். ஏழு நகரங்கள் என்பது சரியா? ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்க விடுவார்கள்? மாலை நேரங்களில் தனிமை எப்படி இருக்கும்? அம்மாவின் அச்சத்துக்கு நான் என்ன பதில் சொல்வது?


மறுமொழி 1: ஓய்வுபெற்ற செவிலியர், காட்பாடி

அன்பு மகளுக்கு வணக்கம். மருத்துவமனைப் பணிக்காகப் பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவள் நான். கலையைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர்கள் பின்னால் வருவார்கள். காகிதங்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

நீ அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதி தேவை. அந்தக் கோப்பு மேசை மேசையாக நகரும் வேகம் நமக்குத் தெரிந்ததே. ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். அந்த விசா லண்டனுக்குச் செல்லாது. பிரிட்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம். இந்த ஒரு காரணத்துக்காகவே லண்டனை இன்னொரு பயணத்துக்கு ஒத்திவைக்கலாம் என்பது என் எண்ணம்.

அம்மாவுக்கு ஒன்று சொல். மே மாதத்தில் பாரிஸ் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். நீ காலை ஏழு மணிக்குப் பேசினால் அவர் பத்தரை மணிக்குச் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். தினமும் அதே நேரத்தில் பேசு. ஒரு நாளும் தவறாதே.


மறுமொழி 2: தனிப் பயணி, ராணிப்பேட்டை

சகோதரி, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தனியாகப் பயணம் செய்கிறேன். முதல் பயணத்தை மட்டும் ஒரு சுற்றுலாக் குழுவோடு செய்தேன். அன்று மோனா லிசாவின் முன் நின்ற கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள அந்தச் சிறிய படத்தை, உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வழிகாட்டி கொடியை உயர்த்தி எங்களை நகரச் சொல்லிவிட்டார். பேருந்தில் ஏறிய பிறகு அழுதேன். தனியாகப் போவது என்ற முடிவை நான் எடுத்தது அன்று மாலைதான்.

ஏழு நகரங்கள் வேண்டாம். 18 நாள்களில் ஏழு நகரங்கள் என்றால் ரயில் நிலையங்களும் விடுதி வாசல்களும்தான் நினைவில் நிற்கும். ஃபுளோரன்ஸ், வெனிசுக்கு அருகிலுள்ள பதுவா, பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்ற நான்கு போதும். ரோமை விடுவது உங்களுக்கு வலிக்கும் என்பது தெரியும். ஆனால் அங்கே வாடிகனின் சிஸ்டைன் கூடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்தபடி அண்ணாந்து பார்க்கும் அரை மணி நேரத்தைவிட, பதுவாவில் இத்தாலிய ஓவியர் ஜோத்தோவின் சுவரோவியங்களின் முன் கிடைக்கும் கால் மணி நேரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 1305 வாக்கில் முடிந்த அந்தச் சிறிய தேவாலயத்துக்குள் முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. உள்ளே விடுவதற்கு முன் வெளிக்காற்றின் ஈரமும் தூசியும் சுவர்களைத் தாக்காதிருக்கப் பதினைந்து நிமிடம் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைப்பார்கள். அந்தக் காத்திருப்பில் பேச்செல்லாம் அடங்கிவிடும். பிறகு கதவு திறக்கும். விண்மீன்கள் பதித்த நீல விதானம் தலைக்கு மேல் விரியும். நீங்கள் ஓவிய ஆசிரியை என்பதால் ஒன்றைச் சொல்லி அனுப்புகிறேன். இறந்த இயேசுவைச் சுற்றி அழுகின்றவர்களின் ஓவியத்தில், இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களின் முகம் நமக்குத் தெரியாது. குனிந்த முதுகும் துணியின் மடிப்பும் மட்டுமே அத்தனை துயரத்தையும் சுமக்கின்றன. எழவு வீட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் பெண்களின் முதுகுகளை மட்டும் பார்த்திருப்பவர்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபுளோரன்ஸில் உஃபீசி அருங்காட்சியகத்துக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடும் எண்ணத்தோடு போகாதீர்கள். திங்கட்கிழமை விடுமுறை. இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்தமீசியா ஜென்டிலெஸ்கி வரைந்த, விவிலியக் கதையில் வரும் யூதித்தின் ஓவியத்துக்கு மட்டும் ஒரு காலையை ஒதுக்குங்கள். எதிரிப் படைத்தலைவனின் தலையை யூதித் அறுக்கும் காட்சி அது. மற்ற ஓவியர்கள் பலர் யூதித்தை அந்தச் செயலிலிருந்து சற்று விலகி நிற்கும் அழகியாகக் காட்டினார்கள். இவர் வரைந்த யூதித், மீன் அரிய உட்காரும் பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வதைப் போல, கைகளை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கியிருக்கிறாள். பணிப்பெண் தன் முழு எடையையும் கொடுத்து அவனை அமுக்கிப் பிடித்திருக்கிறாள். ஆர்தமீசியாவைத் தந்தையின் நண்பரான ஓர் ஓவியன் வன்புணர்ந்தான். 1612இல் ரோமில் நடந்த விசாரணையில், அவர் சொல்வது மெய்யா என்று சோதிக்க, அவருடைய விரல்களைக் கயிற்றால் இறுக்கினார்கள். தூரிகை பிடிக்கும் விரல்கள்! அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அதற்குப் பிறகு, 1620 வாக்கில், அதே விரல்களால் வரைந்த படம் இது. நான் அதன் முன் ஒன்றரை மணி நேரம் நின்றேன், இடையில் சற்று உட்கார்ந்தேன், மீண்டும் வந்து நின்றேன். காவலர் ஒருமுறை பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது நம் ஊர் நினைவுக்கு வருகிறது. கோட்டைப் புல்வெளியில் ஒரு பெண் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தால், அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் வந்து ஏன் தனியாக இருக்கிறாய் என்று கேட்டுவிடுவார். அக்கறையால் கேட்பவரும் உண்டு, வேறு எண்ணத்தோடு கேட்பவரும் உண்டு. ஐரோப்பாவில் எந்தக் கூடத்திலும் எந்த இருக்கையிலும் என்னை எவரும் அப்படிக் கேட்டதில்லை. நான் பார்க்கப்படுகிறேன் என்ற உணர்வு இல்லாமல் பார்ப்பது என்றால் என்னவென்று முப்பத்தைந்து வயதில்தான் அறிந்தேன். குழுவில் போகாமல் தனியாகப் போகச் சொல்வதற்கு என்னிடம் இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

மாலைகள் கடினமானவைதான், அதை மறைக்க மாட்டேன். பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் தொண்டை அடைக்கும். விடுதியில் பெண்களுக்கான பொது அறை எடுத்தால் பேச்சுத் துணையும் கிடைக்கும், செலவும் குறையும். புது ஊருக்கு எப்போதும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். மே மாதத்தில் அங்கே இரவு எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்பது நல்ல வசதி. பாரிஸ் மெட்ரோவில் கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். நாம் அங்கே அஞ்ச வேண்டியது பெரும்பாலும் பிக்பாக்கெட்டுக்குத்தான்.


மறுமொழி 3: சிற்ப ஆர்வலர், விரிஞ்சிபுரம்

மேலே எழுதிய சகோதரியின் அனுபவத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் ஒன்றில் மாறுபடுகிறேன். கல்யாண மண்டபத்துத் தூண்களால் கண் பழகிய ஒருவர் முதல் பயணமாகக் கம்போடியா செல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன். அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில், தேவரும் அசுரரும் வாசுகியை இழுத்துப் பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே தொடராக ஓடுகிறது. கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அங்கே வழிகாட்டி தேவையில்லை. செலவும் ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. 967இல் எழுப்பப்பட்ட பந்தியாய் ஸ்ரீ கோயிலின் இளஞ்சிவப்பு மணற்கல் வேலையைக் காலை வெயிலில் பார்த்தபோது, மரத்தில் செதுக்கியதோ என்று மயங்கித் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

அல்லது ஐரோப்பாதான் என்றால், புறப்படும் முன் ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகம் சென்று, அரக்கோணத்துக்கு அருகிலுள்ள திருவாலங்காட்டிலிருந்து வந்த நடராசர் செப்புத் திருமேனியைப் பார்த்துவிட்டுப் போங்கள். சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களை மட்டும் பார்த்து, 1913இல் பாரிசில் இருந்தபடி பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் எழுதிய கட்டுரை அவர் மறைந்த பிறகு 1921இல் வெளிவந்தது. அந்த மாபெரும் சிற்பிக்குக் கிடைத்தது புகைப்படம் மட்டுமே. நமக்கு மூலமே இரண்டு மணி நேர ரயில் தொலைவில் இருக்கிறது. பாரிசில் ரோதேன் அருங்காட்சியகத்துக்கும் நீங்கள் போவீர்கள் அல்லவா? எழும்பூரைக் கண்ட கண்ணோடு அங்கே போனால், அவர் செய்த கைகளும் கால்களும் உங்களிடம் வேறு மாதிரி பேசும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பத்தரை மணிக்குத் தொலைபேசி வரும் என்பதைக் கேட்ட பிறகு அவர் முகம் சற்றுத் தெளிந்தது. ஆர்தமீசியாவின் விரல்களைப் பற்றிய இடம் வந்தபோது நிறுத்தச் சொல்லிவிட்டார். சிறிது நேரம் கழித்து, "அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்" என்றார். எனக்கு அதுவே அனுமதி.

லண்டன், ரோம், வெனிஸ், மாட்ரிட் ஆகியவற்றை நீக்கிவிட்டேன். துறை அனுமதிக்கு நாளை விண்ணப்பிக்கிறேன். எழும்பூருக்கு அடுத்த ஞாயிறு செல்கிறேன். அங்கோரைத் தள்ளிவிடவில்லை, ஐயா. அதற்கு அம்மாவையும் அழைத்துச் செல்ல ஆசை. ராணிப்பேட்டைச் சகோதரியிடம் இன்னும் ஒரு கேள்வி: கூடங்களுக்குள் வரைய அனுமதிப்பார்களா? நான் வரையாமல் பார்த்துப் பழகாதவள்.


மறுமொழி: தனிப் பயணி, ராணிப்பேட்டை

பெரும்பாலான கூடங்களில் சிறிய வரைபுத்தகமும் பென்சிலும் கொண்டுபோகலாம். பேனாவும் வண்ணமும் வேண்டாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகம் பார்வையாளர்களைப் படம் எடுப்பதைவிட வரையச் சொல்லியே ஊக்குவிக்கிறது. அங்கே டச்சு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் இருக்கிறாள். ஓவியத்தின் உயரம் 45 செ.மீ. சொச்சம்தான். எல்லோரும் பாலையும் ரொட்டியையும் பார்ப்பார்கள். நீங்கள் அவளுக்குப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரைப் பாருங்கள். அதில் ஓர் ஆணி அடித்திருக்கும். அதன் நிழலும் விழுந்திருக்கும். பக்கத்தில், ஆணி பிடுங்கிய பழைய துளைகளும் தெரியும். அந்தச் சுவரை வரைந்து வந்து, வீரனின் முகத்தைக் கண்டெடுத்த அந்தப் பெண்ணிடம் காட்டுங்கள்.