மட்டக்களப்பிலிருந்து பதுளைக்குச் சொந்தக் காரில்: பாதை, புறப்படும் நேரம், திரும்பும் நேரம்

கல்லடிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனது மூத்த மகளுக்குப் பதுளையில் உள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மாசி மாத முற்பகுதியில் அவளை விடுதியில் சேர்த்துவிட்டு வர வேண்டும். பெட்டிகள், மெத்தை, புத்தகங்கள் என்று சாமான்கள் அதிகம் இருப்பதால் பஸ்ஸில் போவதை விட்டு, எங்களுடைய வேகன் ஆர் காரிலேயே போகலாம் என்று எண்ணியிருக்கிறோம். காரில் நான், மனைவி, மகள், எழுபது வயதைக் கடந்த என் தாயார் ஆகிய நால்வரும் இருப்போம். பேத்தி படிக்கப்போகும் இடத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா உறுதியாக இருக்கிறார்.

நான் வாகனம் ஓட்டிப் பழகியது முழுவதும் நமது கிழக்கு மாகாணத்துச் சமதரையில்தான். திருகோணமலைக்கும் பொத்துவிலுக்கும் ஓட்டிச் சென்றிருக்கிறேனே தவிர, மாகாண எல்லை தாண்டி மலைவீதியில் ஓட்டிய அனுபவம் இல்லை. செங்கலடி, மகா ஓயா, பிபிலை வழியாகப் போவதுதான் நேர்வழி என்பது தெரியும். ஆனால் அந்த வீதியில் எந்த நேரத்தில் யானை நடமாட்டம் இருக்கும், பிபிலைக்கு அப்பால் ஏற்றம் எப்படிப்பட்டது, 660 சீசீ எஞ்சின் நால்வரையும் சாமானையும் இழுக்குமா, 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு மலைப்பகுதி வீதியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, மகளை விட்டுவிட்டு, அன்றிரவே வீடு திரும்பிவிடலாம் என்பது என் முதல் எண்ணம். அது சரியா?

பதுளைவீதிச் சாரதி எழுதியது:

தம்பி, முதலில் மகளுக்கு என் வாழ்த்துகள். செங்கலடியிலிருந்து மலைநாட்டுக்கு மீன் ஏற்றிச் சென்று மரக்கறி ஏற்றி வரும் லொறியில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் திட்டத்தில் இரண்டு நேரங்களும் பிழையான பக்கத்தில் இருக்கின்றன. நான்கு மணிக்குப் புறப்பட்டால், கரடியனாறு தாண்டி புல்லுமலைக்கும் மகா ஓயாவுக்கும் இடையிலான காட்டுப்பகுதியை நீங்கள் விடியுமுன் கடப்பீர்கள். இரவில் வயல்களிலும் குளக்கரைகளிலும் மேய்ந்த யானைகள் காட்டுக்குத் திரும்பும் நேரமும் அதுவேதான். எவ்வளவு சீக்கிரம் புறப்படுகிறோமோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வீதிக்கு அது பொருந்தாது. ஆறு மணியளவில் கல்லடியிலிருந்து புறப்படுங்கள். ஏறாவூர் சன நெரிசலுக்கு முன் அதைக் கடந்து, செங்கலடிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பும்போது நன்றாக வெளிச்சம் வந்திருக்கும். புல்லுமலையை ஏழு மணிக்குப் பிறகு கடந்தால் போதும்.

அதைவிட முக்கியமானது திரும்பும் பயணம். போகும்போது எல்லாம் உங்களுக்குச் சாதகமாக இருக்கும்: காட்டுப்பகுதி காலை வெளிச்சத்தில், மலைப்பகுதி மூடுபனி இறங்குமுன். திரும்பும்போது அந்த வரிசை தலைகீழாகிவிடும். விடுதிப் பதிவு, அறை, சாமான் இறக்குதல் என்று மதியம் கடந்துவிட்டால், பதுளைக்கும் பிபிலைக்கும் இடையிலுள்ள லுணுகலைப் பக்கத்து வளைவுகளில் பிற்பகல் மழையோடும் பனியோடும் இறங்குவீர்கள். களைத்த கண்களோடு பிபிலைக்கு வந்து, இருள் சூழும் நேரத்தில் மகா ஓயாவைத் தாண்டி யானைக்காட்டுக்குள் நுழைவீர்கள். ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது பதுளையை எத்தனை மணிக்கு விட்டுப் புறப்படுவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை அதற்கு ஏற்பப் பொருத்துங்கள். மாசியில் மாலை ஆறேகாலுக்குப் பின் இருட்டிவிடும். பகல் ஒரு மணிக்குள் பதுளையை விட்டு வெளியேற முடியாவிட்டால், அன்றிரவு அங்கேயே தங்குவதுதான் சரி. தாயாரும் உடன் வருவதால், தொடக்கத்திலேயே ஒரு இரவு தங்குவதாகத் திட்டமிட்டு, மறுநாள் காலை ஏழரை மணிக்குப் புறப்பட்டால் பகலோடு பகலாக வீடு வந்து சேரலாம்.

தூரம் பற்றிச் சொல்வதானால், செங்கலடியிலிருந்து பிபிலை வரை ஏறக்குறைய 87 கிலோமீற்றர். அங்கிருந்து பதுளைக்கு இன்னும் அறுபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆனால் இந்த இரண்டு பகுதிகளையும் ஒரே வேகத்தில் கணக்கிடக் கூடாது. முதற் பகுதி அண்மைய ஆண்டுகளில் அகலப்படுத்தப்பட்டு, நல்ல நிலைக்கு வந்த சமவீதி. போர்க் காலத்தில் நம்மவர்கள் போகவே அஞ்சிய வீதி அது; இன்று குடும்பத்தோடு போய்வர முடிகிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வீதி நன்றாக இருப்பதால் வேகமும் தானாகவே கூடிவிடும், அதைக் கட்டுப்படுத்துங்கள். குடிமனை உள்ள இடங்களில் மணிக்கு 50, வெளியில் 70 கிலோமீற்றர் என்பதே காருக்குரிய எல்லை. மாசியில் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருக்கும். இலுப்படிச்சேனை, கரடியனாறுப் பக்கத்தில் வீதியோரமாக நெல் காயவைத்திருப்பார்கள், பின்விளக்கில்லாத உழவு இயந்திரங்கள் வரும், அறுவடை இயந்திரம் வீதியின் பாதியை அடைத்துக்கொண்டு நகரும். மாடுகளும் வீதியில் படுத்திருக்கும். பிபிலைக்கு அப்பால் உள்ள பகுதிக்குத் தூரம் குறைவு என்றாலும் முதற் பகுதிக்கு எடுத்த நேரத்தை ஒதுக்குங்கள். நிறுத்தங்களோடு சேர்த்து மொத்தம் ஐந்து மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் அவசரப்பட வேண்டி வராது.

யானை எதிரே நின்றால் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், விளக்கை உயர்த்திக் காட்டாதீர்கள், காரை விட்டு இறங்கவே வேண்டாம். பின்னோக்கி எடுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். பின்னால் லொறியோ பஸ்ஸோ வந்தால் அதை முன்னே விட்டு, அதன் பின்னால் செல்லுங்கள். குட்டியோடு நிற்கும் கூட்டத்துக்கும் குட்டிக்கும் இடையில் புகுந்து போக முயலவே கூடாது. பழம் கொடுத்துப் பழக்கிய யானைகள் வீதியோரத்தில் காத்து நிற்பதுண்டு. நீங்களும் கொடுத்து அந்தப் பழக்கத்தை வளர்க்க வேண்டாம்.

கார் இழுக்கும், கவலை வேண்டாம். ஆனால் மெத்தையைக் கூரையில் கட்டி ஏற்றிச் செல்வதைவிட பதுளை நகரில் வாங்கிக்கொள்வது நல்லது. டயர்க் காற்றையும் ரேடியேற்றர்த் தண்ணீரையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். பெற்றோலைச் செங்கலடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் குளிரூட்டியைச் சிறிது நேரம் நிறுத்தினால் எஞ்சினுக்கு இலகுவாக இருக்கும்.

பசறை ஆசிரியை எழுதியது:

அண்ணன் எழுதியவற்றில் காட்டுப்பகுதி பற்றிச் சேர்க்க எனக்கு எதுவும் இல்லை. மலைப்பகுதி எங்கள் ஊர் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

சமதரையில் ஓட்டிப் பழகியவர்கள் ஏற்றத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். உண்மையில் கவனம் அதிகம் தேவைப்படுவது இறக்கத்தில்தான். நீங்கள் திரும்பும்போது பசறையிலிருந்து லுணுகலைக்கும், லுணுகலையிலிருந்து பிபிலைக்கும் நெடுந்தூரம் இறங்க வேண்டியிருக்கும். அந்த இறக்கம் முழுவதும் பிறேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். உங்கள் கார் ஓட்டோ கியர் என்று நினைக்கிறேன். கியர் நெம்புகோலை எல் (L) நிலைக்கு மாற்றினால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிறேக்கை வளைவுக்கு முன் மட்டும் அழுத்தினால் போதும். எக்காரணம் கொண்டும் நியூட்ரலில் விட்டு இறங்காதீர்கள். ஒடுங்கிய இடத்தில் எதிரே ஏறி வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டியது இறங்குபவரின் கடமை. கண்ணுக்கு மறைந்த வளைவுகளில் ஹோர்ன் அடிப்பது இங்கு மரியாதைக் குறைவல்ல, அவசியம்.

2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று பசறையில் 13ஆம் கட்டை (மைல்கல்) பகுதியில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மேலிருந்து சரிந்து விழுந்த பாறையால் வீதி ஒடுங்கியிருந்த இடம் அது. எங்கள் பகுதியில் அந்தத் துயரத்தை யாரும் மறக்கவில்லை. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. வீதி ஒடுங்கிய இடத்தில் எதிர்வரும் வாகனம் முழுமையாகக் கடக்கும் வரை நின்றுவிட வேண்டும், பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்து நெருக்கினாலும் அசையக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் மிகவும் பாதிக்கப்பட்டது. மழை ஓய்ந்த பிறகும் தளர்ந்த சரிவுகள் அடுத்த பெருமழைக்குச் சரியக்கூடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை அதைப் பாருங்கள். பசறை அல்லது லுணுகலைப் பிரதேசத்துக்குச் செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிவைத்து, தாமதத்தைப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் அறிவித்துவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். வழியில் லுணுகலையிலும் பசறையிலும் கடைகளில் தமிழிலேயே விசாரிக்கலாம். தோட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு அன்று காலை எந்த வளைவில் மண் விழுந்தது என்பது வரை தெரிந்திருக்கும்.

தாயாரை முன் ஆசனத்தில் அமர்த்துங்கள். வளைவுகள் பிபிலைக்குப் பிறகே தொடங்குவதால், பிபிலையில் இடியப்பமோ பாணோ அளவாகச் சாப்பிட்டு, அரை மணி நேரம் ஆறியிருந்து ஏறினால் தலைச்சுற்று குறையும். லுணுகலையில் மறுபடியும் நிறுத்தி இறங்கி நில்லுங்கள். பல்கலைக்கழகம் பசறை வீதியிலேயே, பதுளை நகருக்குள் நுழையுமுன் இருக்கிறது என்பதால் நகர நெரிசலுக்குள் போகாமலேயே மகளின் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

கல்முனைச் சகோதரர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனை, காரைதீவுப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மட்டக்களப்புக்கு ஏறிச் செல்ல வேண்டியதில்லை. காரைதீவிலிருந்து அம்பாறை, உகணை வழியாக மகா ஓயாவுக்குச் சென்று இதே வீதியில் சேர்ந்துகொள்ளலாம். கல்லடியிலிருந்து போகும் உங்களுக்கு அது சுற்றுவழி.

ஒரே நாளில் போய்வர வேண்டாம் என்று சாரதி ஐயா சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டக்கூடியவர்களாக இருந்து, விடுதி வேலை நேரத்தோடு முடிந்தால் நன்றாக முடியும். எங்கள் குடும்பத்தில் அப்படிப் போய்வருகிறோம். ஆனால் ஒருவரே ஓட்டுகிறார், மலைவீதி புதிது, முதியவர் உடன் இருக்கிறார் என்றால் தங்குவதுதான் நல்லது.

லுணுகலை வழி மூடப்பட்டால், மகா ஓயாவுக்கும் பிபிலைக்கும் இடையிலுள்ள பதியதலாவையிலிருந்து மகியங்கனைக்குச் சென்று, அங்கிருந்து மீகாகியுல, கந்தகெட்டிய வழியாகப் பதுளையை அடையலாம். தூரம் கூடும், அதுவும் மலைவீதிதான். எனவே லுணுகலை மூடப்பட்ட நாளில் அந்த வழியின் நிலையையும் கேட்டறிந்த பிறகே பதியதலாவையில் திரும்புங்கள்.

கல்லடிவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் ஓட்டுவேன் என்பதால் பதுளையில் ஓர் இரவு தங்குவதாக முடிவு செய்துவிட்டோம். மெத்தையையும் அங்கேயே வாங்கிக்கொள்கிறோம். இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். தங்கும் நாளின் பிற்பகலில் அம்மாவைத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு அழைத்துச் செல்லலாமா? மறுநாள் காலை எல்லவுக்குப் போய் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரம் இருக்குமா?

பசறை ஆசிரியை எழுதியது:

துன்ஹிந்த நகரத்துக்கு அருகில்தான் இருக்கிறது, ஆனால் வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் படிகளும் மேடு பள்ளமுமான நடைபாதையில் போக வேண்டும். மழை நாளில் வழுக்கும், உங்கள் தாயாருக்கு வேண்டாம். அவரைப் பதுளைப் புகையிரத நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கொழும்பிலிருந்து மலையேறி வரும் பாதை 1924இல் வந்து முடிந்த கடைசி நிலையம் அது. படியேறாமல் மேடையில் அமர்ந்து மலைகளைப் பார்க்கலாம்.

எல்ல வேண்டாம். அது மட்டக்களப்புக்கு எதிர்த்திசையில் இருப்பதால், காலை எட்டு மணிக்கு அங்கே போனாலும் பதுளையை விட்டுப் புறப்பட மதியமாகிவிடும். மகளின் முதல் விடுமுறைக்கு அவளை அழைக்க வரும்போது அதற்கென்று இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் சேரும் மாணவிகளுக்குக் காலைக் குளிர் புதிது என்பதால், சாமானில் மெத்தைக்குப் பதிலாகக் கம்பளிச் சட்டையும் தடித்த போர்வையும் இருக்கட்டும்.